தூதும் சைகைமொழி உரைபெயர்ப்பும்

திருக்குறளின் 69 ஆம் அதிகாரமாகிய தூதிற்கு உரைவகுத்த பரிமேலழகர், தூதரைத் தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் என இருவகைப்படுத்தினார். செவிப்புலனற்றோர்க்கும் ஏனையோர்க்கும் இடைநிற்கும் சைகைமொழி உரைபெயர்ப்பாளர் இவருள் யாவர்?

கூறியது கூறுவார் என்பதே பொருத்தமெனத் தோன்றும். ஆயின் சைகைமொழி தனக்கென இலக்கணமுடையது. முகக்குறிப்பும் புருவ அசைவும் அங்கு வினாவையும் எதிர்மறையையும் உணர்த்தும். ஆதலின் சொல்லுக்குச் சொல் வைத்தல் உரைபெயர்ப்பாகாது. வடிவை வகுத்தல் அவர்க்கு உரிமை. பொருளை வகுத்தல் உரிமையன்று.

கரவெட்டியிலிருந்து மந்திகை வைத்தியசாலைக்குச் செல்லும் செவிப்புலனற்ற தாயொருவருக்கு, உடன்செல்லும் உறவினர் நோயின் கடுமையை மறைத்துரைப்பின், அஃது அன்பினால் விளைந்ததாயினும், முடிவுசெய்யும் உரிமையை அவரிடமிருந்து கவர்ந்ததாகும். 2013 டிசம்பர் 10 இல் ஜோகன்னஸ்பேர்க்கில் நிகழ்ந்த மண்டேலா அஞ்சலிக்கூட்டத்திற் காட்டப்பெற்ற சைகைகள் பொருளற்றவை எனச் செவிப்புலனற்றோரே கண்டுரைத்தனர். கேட்போர் அறியாத பிழையைப் பார்ப்போர் அறிவர். ஆதலின் உரைபெயர்ப்பாளரின் தகுதியை அளக்கும் உரிமை அவர்க்கும் உண்டு.

எனினும், தூதின் அளவுகோல் ஓரிடத்திற் குறைவுபடும். தூதன் தன்னை விடுத்த வேந்தனுக்கே நலந்தேடுபவன். உரைபெயர்ப்பாளரோ இருதிறத்தார்க்கும் ஒப்பக் கடமைப்பட்டவர். ஆகவே 12 ஆம் அதிகாரமாகிய நடுவுநிலைமையையும் உடன்வைத்தே அவர் தொழிலை அளத்தல் வேண்டும்.