மேற்கோளும் வழியும்: தமிழ் ஆய்வில் சான்று சுட்டும் நெறி

முன்னுரை

ஆய்வேடு எழுதும் மாணவருக்குச் சான்று சுட்டும் முறை பெரும்பாலும் இறுதிக் கட்டத்திலேயே கற்பிக்கப்படுகிறது. ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பாண்டு, பக்க எண் ஆகியவற்றை எவ்வரிசையில் எழுதுவது, எங்கே காற்புள்ளி இடுவது, எங்கே முற்றுப்புள்ளி இடுவது என்பனவே அப்பாடத்தின் பொருளாக அமைகின்றன. சான்று ஏன் சுட்டப்பட வேண்டும் என்னும் வினா அங்கு எழுவதில்லை. எழுந்தாலும் 'விதி அவ்வாறு உள்ளது' என்பதே விடையாகக் கிடைக்கிறது. இதன் விளைவாக, அடிக்குறிப்புகள் நிறைந்தும் நம்பகத்தன்மை குறைந்தும் காணப்படும் ஆய்வேடுகள் பெருகியுள்ளன. தமிழ் உரைமரபும் சுவடிப் பதிப்பு வரலாறும் அவ்வினாவுக்குத் தெளிவான விடையை வைத்துள்ளன. அவ்விடையைத் தொகுத்து, அதன் ஒளியில் இன்றைய ஆய்வேடுகளின் மேற்கோள் நடைமுறையை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூல்மரபில் 'வழி'

சான்று சுட்டுதல் மேலைநாட்டுக் கல்வியோடு வந்த புதுவழக்கம் என்னும் கருத்து தமிழ்த்துறைகளில் பரவலாக உள்ளது. அது முழு உண்மையன்று. பக்க எண்ணும் பதிப்பாண்டும் அச்சு ஊடகத்தோடு வந்தவை. ஆனால் ஒரு நூல் எதிலிருந்து பிறந்தது என்பதைக் கூறவேண்டும் என்னும் கடப்பாடு அவற்றினும் பழமையானது. தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுக்கிறது. நன்னூல் இவற்றுடன் சார்புநூலையும் சேர்க்கிறது. சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டியனவாக நன்னூல் வகுக்கும் எட்டுச் செய்திகளுள் ஆக்கியோன் பெயருக்கு அடுத்ததாக நிற்பது 'வழி' என்பதாகும். பாயிரம் இல்லாதது நூலாகாது எனக் கருதிய மரபில், வழி கூறாமை எத்தகைய குறையாக எண்ணப்பட்டிருக்கும் என்பதை உய்த்துணரலாம்.

நூலுக்கு மட்டுமன்றி உரைக்கும் இக்கடப்பாடு இருந்தது. இறையனார் களவியல் உரை, தான் நக்கீரனாரிடமிருந்து முசிறியாசிரியர் நீலகண்டனார் வரை பத்துத் தலைமுறையாகக் கேட்டும் கேட்பித்தும் வந்த வரலாற்றை ஒவ்வொருவர் பெயரையும் சுட்டி உரைக்கிறது. அத்தலைமுறை வரிசையின் வரலாற்று உண்மை ஐயத்திற்குரியதாகலாம். எனினும், வாய்மொழியாகக் கைமாறிய கல்வியில் 'இவ்வுரை யாரிடமிருந்து யாருக்கு வந்தது' என்று கூறுவதே உரையின் தகுதிக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது என்பதில் ஐயமில்லை. அவ்வகையில் அது ஓர் அடிக்குறிப்பின் பணியையே செய்கிறது.

உரையாசிரியர்களும் பெயர் சுட்டா மேற்கோள்களும்

இத்தகைய மரபில் வந்த உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டும்போது பல இடங்களில் நூற்பெயரைக் கூறாது விட்டுள்ளனர். நச்சினார்க்கினியர் செய்யுளடியைத் தந்து, பிறரும் இவ்வாறு கூறினர் என்னும் அளவில் அமைந்துவிடும் இடங்கள் மிகப்பல. நீலகேசியின் உரைகாரர், மறுக்கப்படும் குண்டலகேசிச் செய்யுட்களின் தொடக்கச் சொற்களை மட்டும் சுட்டி மேற்செல்லும் இடங்கள் உள்ளன. இதனை உரையாசிரியர்களின் நேர்மைக் குறைவாகக் கருதுவது பொருந்தாது. பிறர் சொல்லைத் தம் சொல்லாகக் காட்டும் எண்ணம் அவர்களிடம் இல்லை. தொடக்கச் சொல்லைக் கேட்ட அளவில் முழுச் செய்யுளையும் நினைவிலிருந்து ஓதவல்ல மாணாக்கரை முன்னிருத்தியே அவர்கள் உரை வரைந்தனர். அக்கேட்போருக்கு நூற்பெயர் மிகையாகும்.

பிற்காலத்தில் அக்கேட்போர் இல்லாது போயினர். பாடம் கேட்கும் மரபு சுருங்கியது. பல நூல்களின் ஏடுகள் அழிந்தன. அதன்பின் உரையிலுள்ள மேற்கோள் வழி தெரியாத சொல்லாக எஞ்சியது. குண்டலகேசி இதற்குத் தக்க சான்றாகும். காப்பியம் மறைந்துவிட்ட நிலையில், நீலகேசி உரை காட்டும் தொடக்கச் சொற்கள் இழப்பின் அளவை உணர்த்துவனவாக உள்ளனவேயன்றி, செய்யுளை மீட்டுத் தரவில்லை.

இதற்கு மாறான நடைமுறையும் தமிழில் இருந்தது. யாப்பருங்கல விருத்தி, காக்கைபாடினியம், அவிநயம் முதலிய மறைந்த இலக்கண நூல்களின் நூற்பாக்களைப் பெயர் சுட்டிப் பல இடங்களில் எடுத்தாளுகிறது. புறத்திரட்டைத் தொகுத்தவர் தாம் தேர்ந்த செய்யுட்கள் எந்நூலைச் சார்ந்தவை என்பதைக் குறித்து வைத்தார். முத்தொள்ளாயிரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வெண்பாக்கள் இன்று கிடைப்பதற்கும், வளையாபதி, குண்டலகேசி, தகடூர் யாத்திரை ஆகியவற்றின் செய்யுட்கள் சில இன்னநூலைச் சார்ந்தவை என அறியப்படுவதற்கும் அக்குறிப்பே காரணம். மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் வெளியிட்ட 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்னும் நூல், இத்தகைய மேற்கோள்களைத் திரட்டியே இழந்த நூல்களின் வரலாற்றை எழுதியது. பெயர் சுட்டப்பட்ட மேற்கோள் நூல் அழிந்த பின்னும் நூலின் ஒரு பகுதியைக் காத்தது. பெயர் சுட்டப்படாத மேற்கோள் செய்யுளைக் காத்து, அதன் பிறப்பிடத்தை இழந்தது. சான்று சுட்டலின் பயனை இவ்வேறுபாடே விளக்கிவிடுகிறது.

பதிப்பாசிரியர்கள் மீட்ட வழி

சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது, நச்சினார்க்கினியர் காட்டும் மேற்கோள்கள் எந்நூல்களைச் சார்ந்தவை என அறிய இயலாது தாம் அடைந்த இடர்ப்பாட்டினை உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் எழுதியுள்ளார். பின்னர்ச் சங்க நூல்களின் சுவடிகளைப் பயிலத் தொடங்கிய நிலையில், அம்மேற்கோள்களுட் பல அங்கு இருத்தலைக் கண்டார். 1887இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பிலிருந்து 1937இல் வெளிவந்த குறுந்தொகைப் பதிப்பு வரை, இந்த இடர்ப்பாடு அடுத்துவரும் வாசகருக்கு நேராதிருக்க அவர் உழைத்தார் எனலாம். குறுந்தொகைப் பதிப்பில் செய்யுட்களுக்கு 'மேற்கோளாட்சி' என்னும் பகுதியை அமைத்து, எவ்வுரையாசிரியர் எந்நூற்பாவின் உரையில் அச்செய்யுளை எடுத்தாண்டார் என்பதைத் தொகுத்துத் தந்தார். உரையாசிரியர்கள் கூறாது விட்ட வழியைப் பதிப்பாசிரியர் தேடி எழுதிய பணி அது.

சான்று சுட்டலின் மற்றொரு பயனையும் பதிப்பு வரலாறு காட்டுகிறது. சி.வை. தாமோதரம் பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டார். அப்பதிப்பில் மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் ஆகிய இறுதி நான்கு இயல்களின் உரையும் நச்சினார்க்கினியர் பெயரிலேயே அமைந்தது. அவ்வுரை பேராசிரியருடையது என்பதைப் பின்னர் ரா. இராகவையங்கார் செந்தமிழ் இதழில் எழுதிய ஆய்வின்வழி எடுத்துக்காட்டினார். அரிய முதல் முயற்சியில் நேர்ந்த இப்பிழை தாமோதரம் பிள்ளையின் பெருமையைக் குறைப்பதன்று.

இங்குக் கருதத்தக்கது, அப்பதிப்பைப் பயன்படுத்தி எழுதுவோர் நிலையாகும். மரபியல் உரைப்பகுதி ஒன்றை எடுத்தாண்டு, '1885ஆம் ஆண்டுப் பதிப்பு' எனக் குறிப்பவரின் பிழையைப் பின்வரும் வாசகர் எளிதில் திருத்திக்கொள்ளலாம். 'நச்சினார்க்கினியர் கூறுவர்' என்று மட்டும் எழுதுபவரின் பிழையோ அவரை மேற்கோள் காட்டுவோர் அனைவருக்கும் பரவும். ஆகவே செம்மையான சான்று, கருத்து சரியானது என்பதற்கு உறுதி தருவதன்று. கருத்து பிழையானால் அதனைத் திருத்துவதற்குரிய வழியைத் திறந்து வைப்பதாகும்.

இன்றைய ஆய்வேடுகளில் காணும் குறைகள்

மேற்கூறிய வரலாற்றின் பின்னணியில் நோக்கும்போது, இன்றைய ஆய்வேடுகளில் மூன்று குறைகள் முதன்மையானவையாகத் தெரிகின்றன.

முதலாவது, இடைநிலைச் சான்றை மறைத்தல். ஆய்வாளர் ஒருவர் பதிப்பாசிரியரின் குறிப்பிலோ மற்றோர் ஆய்வு நூலிலோ ஒரு மேற்கோளைக் காண்கிறார். அடிக்குறிப்பில் தாம் கண்ட நூலை எழுதாது, அந்நூல் சுட்டிய மூலநூலின் பெயரையும் பக்க எண்ணையும் எழுதிவிடுகிறார். மூலநூல் அவர் கைக்கு வந்ததே இல்லை. முன்னவர் பக்க எண்ணைத் தவறாக எழுதியிருந்தால் அத்தவறும் உடன் பெயர்கிறது. ஒரே அச்சுப்பிழை பல ஆய்வேடுகளில் தொடர்ந்து வருவதற்கு இதுவே காரணம். மேலும், மேற்கோளைத் தேடிக் கண்டவரின் உழைப்பு இதனால் மறைக்கப்படுகிறது. மேற்கோளாட்சிப் பகுதியிலிருந்து குறிப்புகளை எடுத்துத் தாமே உரைகளைத் துருவியதுபோல எழுதுவது, சொல்லைத் திருடுவதன்று எனினும், உழைப்பைத் திருடுவதாகும்.

இரண்டாவது, மறைந்த நூல்களை இருக்கும் நூல்கள்போலச் சுட்டுதல். 'வளையாபதி, பா. 14' என்றோ 'தகடூர் யாத்திரை, பா. 12' என்றோ எழுதப்படும் குறிப்பு, அந்நூல் முழுமையாகக் கிடைப்பதான மயக்கத்தைத் தருகிறது. அவ்வெண் நூலாசிரியர் அமைத்த வரிசையைக் குறிப்பதன்று. எஞ்சிய செய்யுட்களைத் திரட்டிய பிற்காலத்தவர் இட்ட வரிசை எண்ணாகும். தொகுப்புக்குத் தொகுப்பு அது மாறலாம். 'புறத்திரட்டில் காணப்பெறும் வளையாபதிச் செய்யுள்' என்று எழுதுவதே உண்மை நிலையை உணர்த்தும்.

மூன்றாவது, பதிப்பும் உரையும் சுட்டாத எண்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரம் இளம்பூரணர் உரையில் 456 நூற்பாக்களாகவும் சேனாவரையர் உரையில் 463 நூற்பாக்களாகவும் பகுக்கப்பட்டுள்ளது. ஆகவே உரையாசிரியர் பெயரின்றி 'தொல். சொல். 400' என எழுதப்படும் குறிப்பு எந்நூற்பாவைக் குறிக்கிறது என்று துணிய இயலாது. திருக்குறளிலும் அதிகாரத்துள் குறள்களின் வைப்பு முறை மணக்குடவர்க்கும் பரிமேலழகர்க்கும் வேறுபடுகிறது. இன்று வழங்கும் குறள் எண் பரிமேலழகர் வைப்பைத் தழுவியது என்பதை நினைவிற் கொள்ளாதார் மணக்குடவர் உரையை ஒப்பிடும்போது இடர்ப்படுவர். இணையத்தில் கிடைக்கும் மூலபாடங்களைப் பயன்படுத்துவோரும், அவை எவ்வச்சுப் பதிப்பைத் தழுவியவை என்பதை அறிந்து குறிப்பிடுதல் வேண்டும்.

இக்குறைகளுக்கு ஆய்வாளரை மட்டும் பொறுப்பாக்குவது நேர்மையாகாது. தமிழகத்திற்கு வெளியே உள்ள தமிழ்த்துறைகளில் பயிலும் மாணவர் பலருக்குப் பழம்பதிப்புகள் எட்டாதவை. இடைநிலைச் சான்று அவர்களுக்குத் தவிர்க்க இயலாதது. இடைநிலைச் சான்றைப் பயன்படுத்துவது குற்றமன்று. அதனை மூலச் சான்றாகக் காட்டுவதே குற்றம். 'இன்னார் நூலின்வழி எடுத்தாளப்பட்டது' என்னும் ஒரு தொடர் அக்குற்றத்தை நீக்கப் போதுமானது. அத்தொடரை எழுத மாணவர் தயங்குவதற்குத் துறைகளும் காரணமாகின்றன. நேர்வாய்மொழித் தேர்வில் துணைநூற்பட்டியலின் நீளத்தை எண்ணிப் பாராட்டும் வழக்கம், படிக்காத நூலைப் பட்டியலில் சேர்க்கத் தூண்டுகிறது.

விதியும் மென்பொருளும்

பல்கலைக்கழக மானியக்குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுப்பதற்கான ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. அவ்விதிகள் ஒப்புமையை விழுக்காட்டால் அளந்தன. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. ஆய்வேட்டில் 10க்கு மேல் 40 வரை ஒப்புமை இருப்பின் ஆறு மாதத்திற்குள் திருத்தி அளித்தல் வேண்டும். 40க்கு மேல் 60 வரை இருப்பின் ஓராண்டுக் காலம் திருத்திய ஏட்டை அளிக்க இயலாது. 60க்கு மேல் சென்றால் ஆய்வுப் பதிவே நீக்கப்படும். சொற்களை அப்படியே பெயர்த்தெழுதும் வழக்கத்தை இவ்விதிகள் ஓரளவு கட்டுப்படுத்தின என்பதை ஏற்கலாம்.

ஆயினும் தமிழ் ஆய்வின் முதன்மைக் குறை இவ்வளவையில் அகப்படுவதில்லை. உரிய சான்றுடன் தரப்படும் மேற்கோளை அவ்விதிகள் ஒப்புமைக் கணக்கிலிருந்து விலக்கின. அவ்வாறு விலக்கியது முறையானதே. ஆனால் அச்சான்று ஆய்வாளர் கண்ட நூலைச் சுட்டுகிறதா, காணாத நூலைச் சுட்டுகிறதா என்பதை மென்பொருள் அறியாது. காணாத நூலைச் சுட்டும் அடிக்குறிப்பும் அதன் பார்வையில் குறையற்றதே. மேலும், படமாக வருடப்பட்ட பழைய ஆய்வேடுகளையும் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான ஏடுகளையும் அது செம்மையாகப் படித்து ஒப்பிடுவது அரிது. இதனால் ஆய்வு நேர்மை என்பது விழுக்காட்டைக் குறைக்கும் திறனாகச் சுருங்கும் இடர் தோன்றியுள்ளது. மேற்கோள் ஒவ்வொன்றையும் சரிபார்க்க இயலாவிடினும், ஏட்டுக்கு ஐந்து அடிக்குறிப்புகளையேனும் தேர்ந்து, அவை சுட்டும் நூலைத் திறந்து பார்க்கும் நெறியாளரின் பணியை எம்மென்பொருளும் ஈடுசெய்யாது.

முடிவுரை

தமிழ் நூல்மரபு வழி கூறலை நூலின் இலக்கணமாகவே கொண்டிருந்தது. உரையாசிரியர்கள் நூற்பெயர் கூறாது விட்டமைக்கு அவர்கள் காலக் கேட்போரின் நினைவாற்றல் துணைநின்றது. அந்நினைவு அற்றபோது ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்யப் பதிப்பாசிரியர்கள் தம் வாழ்நாளைச் செலவிட்டனர். நச்சினார்க்கினியர்க்கு இருந்த கேட்போர் இன்றைய ஆய்வாளர்க்கு இல்லை. அவர் எழுதுவது முகம் அறியாத, என்று வருவார் எனத் தெரியாத ஒரு வாசகருக்காக. அவ்வாசகர் ஆய்வாளர் நின்ற இடத்திற்கே திரும்பி வந்து, அவர் கண்டதைத் தாமும் கண்டு, ஏற்கவோ மறுக்கவோ இயலவேண்டும். அதற்குத் துணைசெய்யும் குறிப்பே சான்று. ஆய்வாளர் தாம் உண்மையில் திறந்து படித்த நூலை, படித்த பதிப்பின் பெயராலேயே சுட்டுவது அவ்வாசகருக்குச் செய்யும் முதற்கடமையாகும். காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் அதற்குப் பின்னரே வருவன.