கடைசிச் சொல் யாருக்கு?

"மனுசன் வசனத்தை முழுங்கிப்போடுது." அந்த மூத்த நடிகர் திரையில் தோன்றினால் வன்னியின் ஜெயபுரத்திலிருந்து கொழும்பு வரை இதே முறைப்பாடுதான். வயது போயிற்று, மூச்சு நிற்கவில்லை, றேடியோக்காரருக்குக் கமரா ஒத்துவராது என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அவர் பெயரை எழுதத் தேவையில்லை. குரலைக் கேட்டாலே பிடித்துவிடுவீர்கள். நான் அவருடைய கட்சி.

அவர் தொழில் பழகிய இடத்தைப் பாருங்கள். வானொலிக் கலையகத்தில் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நாலைந்து பேர், கையில் பிரதி. தூரத்தில் நிற்பவனாகப் பேச ஓரடி பின்னுக்குப் போகவேண்டும். முகத்தைத் திருப்பினால் ஆள் வெளியே போகிறான் என்று அர்த்தம். கேட்பவனுக்குக் குரலைத் தவிர வேறு பிடிமானமில்லை. ஓர் அசை தவறினால் காட்சியே போயிற்று. அங்கே காலமெல்லாம் உழைத்தவருக்கு வாய் தடுக்கிச் சொல் விழுமா? இன்றும் அவரை ஒரு வானொலி நாடகத்தில் கேளுங்கள், கடைசி எழுத்துவரை துலக்கமாக வரும். கமராவுக்கு முன்னால் மட்டும்தான் விழுங்குகிறார். தெரிந்தே செய்கிறார் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

எதை விழுங்குகிறார் என்பதையும் கவனியுங்கள். எங்கள் பேச்சில் ஓமோ இல்லையோ வசனத்தின் வாலில்தான் கிடக்கிறது. "நான் கொழும்புக்கு" என்று தொடங்குவார். போறாரா, போகேல்லையா என்பது நமக்கு எட்டாத அளவுக்குக் குரலை இறக்கிவிடுவார். உடனே நம் கண் எதிரில் நிற்கும் மகளின் முகத்துக்குத் தாவும். அவளுக்கு விளங்கிவிட்டது, அவளைப் பார்த்து நமக்கும் விளங்கும். கரப்பந்தாட்டத்தில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவரின் வேலை இது. கைதட்டு அடிப்பவருக்குப் போகும். எதிரில் நிற்பவர் காது கொடாமல், தன் முறை எப்போது வரும் என்று பார்த்து நின்றால் காட்சி படுத்துவிடும். அந்தப் பழியும் இவர் தலையில்தான் விழுகிறது.

'கோமாளிகளின் கும்மாளம்' நாடகம் வானொலியிலிருந்து 1976இல் 'கோமாளிகள்' என்ற படமானபோது, கேட்டுப் பழகிய குரல்களுக்கு முகம் கிடைத்தது. 1982இல் ரூபவாஹினி வந்து முகங்களை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது. ஒலிவாங்கிக்குப் பேசிய அதே அளவில் கமராவுக்கும் பேசியவர்கள் பலர். அதையே நடிப்பென்று நாமும் ஏற்றுக்கொண்டோம். ஆனால் 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பில் பஸ் நிறைந்த சனத்தை மேடையில் ஒற்றை ஆளிடமிருந்து கண்டு சிரித்தவர்களும் நாம்தானே? சொல்லாததைக் கேட்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

வன்னிக்கு அது இன்னும் பழக்கம். மின்சாரமில்லாத போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட மண் இது. மிதிப்பவன் களைத்தால் குரல் தேயும். மிச்ச வசனத்தை நாமே முடித்துக்கொண்டோம். அந்தக் காதுகளே இன்று "விளங்கேல்லை" என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். அடுத்த படத்தில் அவருக்கு வசனம் பாதியாகும், காட்சிகள் கூடும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பெடியள் எடுக்கும் குறும்படங்களில் சட்டையில் குத்தும் சின்ன ஒலிவாங்கி முணுமுணுப்பையும் பிடித்துவிடும். கத்தும் நடிப்புக்கு அங்கே வேலை குறையும். ஐந்து வருடத்துக்குள் இளசுகள் எல்லாரும் விழுங்கத் தொடங்குவார்கள். பாதிப் பேர் கெடுப்பார்கள், முழுதாகச் சொல்லப் பழகாமலே விழுங்குவதால். பிறகு இவரிடம்தான் பாடம் கேட்டு வருவார்கள். அவர் அவர்களைக் கமராப் பக்கமே விடமாட்டார். கையில் பிரதியைக் கொடுத்து, ஒலிவாங்கிக்கு முன்னால் ஒரு வருடம் நிறுத்திவைப்பார். பந்தயம் கட்ட நான் தயார்.