கிளிக் கேட்டது, குறி நகர்ந்ததா?

ரைஃபிள் ஸ்கோப்பின் குமிழைத் திருகினால் வரும் ‘டிக்’ ஒலிக்கு மயங்காதவர்கள் குறைவு. விலை ஏற ஏற அந்த ஒலியும் கறாராகிக்கொண்டே போகும். ஆனால் அது குமிழுக்கு அடியில் இருக்கும் பற்களின் ஒலி மட்டுமே. குறி நகர்ந்ததா என்பது குழாய்க்குள் நடக்கும் வேறு சமாச்சாரம்.

வெளியே தெரியும் குழாய்க்குள் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்தும் லென்சுகள் அதற்குள்தான். அதன் பின்முனை ஒரு மூட்டில் அமர்ந்திருக்கும், முன்பக்கம் அசையும். மேலிருந்து ஒரு திருகும் பக்கவாட்டிலிருந்து ஒரு திருகும் அதைத் தள்ளும், எதிர்மூலையிலிருந்து ஒரு ஸ்பிரிங் முட்டுக்கொடுக்கும். திருகுக்குத் தள்ளத்தான் தெரியும், இழுக்கத் தெரியாது. அது பின்வாங்கும்போது சின்னக் குழாய் கூடவே வருவது முழுக்க அந்த ஸ்பிரிங்கின் புண்ணியம். கால் நிமிடக் கோணக் கிளிக் ஒன்றுக்கு 100 கஜ தூரத்தில் குறி சுமார் 7 மில்லிமீட்டர் நகர வேண்டும். அதற்கு உள்ளே தேவைப்படும் அசைவோ ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. ஒவ்வொரு வெடிக்கும் உதை வாங்கிக்கொண்டு இந்தக் கணக்கைத் தவறாமல் காப்பாற்றும் ஸ்கோப்பை நான் கைக்கடிகாரத்துக்கு மேலாகவே மதிப்பேன்.

ஸ்பிரிங் சோர்ந்தால் ஒரு வினோதம் நடக்கும். எட்டு கிளிக் திருகிச் சுட்டால் குண்டு பழைய இடத்திலேயே விழும். அடுத்த சூட்டில் திடீரென்று தாவும். துப்பாக்கி உதைத்த பிறகுதான் சின்னக் குழாய் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் பழைய ஆட்கள் திருகியதும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் குமிழை லேசாகத் தட்டுவார்கள். பார்க்கச் சடங்கு மாதிரி இருக்கும், ஆனால் காரணமுள்ள காரியம்.

எல்லாப் பழியையும் ஸ்பிரிங் மேல் போடவும் முடியாது. ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்திருக்கும் ரிங்கை வெறியோடு முறுக்கினால் குழாயே நெளிந்து உள்ளிருப்பதைக் கவ்விப் பிடிக்கும். ரிங் அமரும் அடித்தளம் கோணலாக இருந்தால் அதைச் சரிக்கட்டவே குமிழின் வீச்சு தீர்ந்துபோகும். அந்த எல்லையில் ஸ்பிரிங்குக்கும் பலம் இருக்காது. முதலில் பார்க்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.

பிறகு சதுரச் சோதனை. ஒரே புள்ளியைக் குறிபார்த்து ஒரு குண்டு. 20 கிளிக் வலம், ஒரு குண்டு. 20 கீழே, ஒன்று. இடம் 20, ஒன்று. மேலே 20, கடைசிக் குண்டு. ஐந்தாவது முதலாவதன் அருகிலேயே விழுந்து, சதுரமும் சதுரமாகவே இருந்தால் ஸ்கோப் யோக்கியம்.

என் ரசனையில் இந்தத் தொல்லைக்கு அழகான விடை அமெரிக்காவின் பழைய அனர்ட்ல் ஸ்கோப்தான். குழாய்க்குள் எதையும் நகர்த்தாமல், மவுண்டில் இருக்கும் மைக்ரோமீட்டர் திருகுகளால் முழுக் குழாயையே அசைத்தார்கள். உதையில் குழாய் மவுண்டுக்குள் முன்னே வழுக்கும். சுட்டவர் கையால் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொள்வார். வியட்நாம் போரின் தொடக்கத்தில் அமெரிக்க மரைன் குறிசுடுநர்கள் பலர் இதன் 8 மடங்கு ஸ்கோப்போடு போனார்கள். நீளம், கனம், முரட்டுத்தனம் எல்லாம் உண்டு. ஆனால் என்ன நகர்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்!

இன்றைய ஸ்கோப்பில் அந்த வசதி இல்லை. துப்பாக்கி காலியா என்று உறுதிசெய்துகொண்டு ரிங்கையும் அடித்தளத்தையும் பாருங்கள், அதன் பிறகு சதுரச் சோதனை செய்யுங்கள். அதிலும் தோற்றால் ஸ்கோப்பை வீட்டில் திறக்காதீர்கள். பெரும்பாலானவற்றில் உள்ளே பனி படியாமலிருக்க நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி அடைத்திருப்பார்கள். செய்தவரிடமே அனுப்பிவிடுங்கள்.