எம்கேஇமேஜ்: கெர்னலைப் பூட் லோடருக்கு ஏற்றபடி மாற்றும் கருவி

லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்து முடித்ததும் கிடைப்பது விஎம்லினக்ஸ் என்ற ஈஎல்எஃப் கோப்பு. வழக்கமான பூட்டுக்கு அதை அப்படியே கொடுப்பதில்லை. கணினியில் உள்ள கிரப் பூட் லோடருக்கு பிஇசட்இமேஜ் வேண்டும். ஆர்ம் போர்டுகளில் உள்ள யூ-பூட்டுக்கு இசட்இமேஜ், யூஇமேஜ், ஃபிட் என்று பல வடிவங்கள். இவற்றில் யூஇமேஜ், ஃபிட் இரண்டையும் செய்துதரும் எம்கேஇமேஜை பீகிள்போன் பிளாக் போர்டில் ஓட்டிப் பார்த்தேன். டெபியன், உபுண்டு இரண்டிலும் யூ-பூட்-டூல்ஸ் தொகுப்பை நிறுவினால் இது கிடைத்துவிடும்.

யூஇமேஜின் அமைப்பு எளிமையானது. கெர்னலுக்கு முன்னால் 64 பைட் ஹெடர் ஒன்று சேர்கிறது. ஹெக்ஸ் 27051956 என்ற அடையாள எண், எந்த முகவரியில் ஏற்ற வேண்டும், எங்கிருந்து ஓடத் தொடங்க வேண்டும், எந்தச் சுருக்கமுறை, ஹெடருக்கும் தரவுக்கும் தனித்தனி சிஆர்சி சரிபார்ப்பு எண் என எல்லாம் அதற்குள் அடக்கம். எஸ்டி கார்டில் கோப்பு பாதியில் அறுந்திருந்தால், கெர்னலுக்குள் குதிக்கும் முன்பே யூ-பூட் நின்றுவிடும். திரையில்லாத போர்டில், சீரியல் கேபிள் வழியே பிழை தேடுபவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

குறைகளும் உண்டு. முதலாவது, சுருக்கமுறையைக் குறிக்கும் ஆப்ஷன் எதையும் சுருக்குவதில்லை. ஹெடரில் பெயரை மட்டும் பதிகிறது. விஎம்லினக்ஸை ஆப்ஜ்காப்பியால் வெறும் பைனரியாக்கி, ஜிஜிப்பால் சுருக்கி, பிறகுதான் இதனிடம் கொடுக்க வேண்டும். சுருக்காத கோப்புக்கு ஜிஜிப் என்று சொன்னாலும் மறுக்காமல் ஏற்கிறது. கோளாறு பூட் ஆகும்போதுதான் தெரியும். இசட்இமேஜ் விஷயத்தில் இது தலைகீழ். அது தன்னைத் தானே விரித்துக்கொள்ளும் என்பதால் சுருக்கம் இல்லை என்றே குறிக்க வேண்டும். மறுபடி ஜிஜிப் செய்தால் இடம் மிச்சமாகாது, நேரம்தான் போகும்.

இரண்டாவது, முகவரிக் கணக்கு முழுக்க நம் பொறுப்பு. இந்தப் போர்டில் கோப்பை ஹெக்ஸ் 82000000-இல் வைத்து 80008000-இல் விரித்தால் இடைவெளி ஏறத்தாழ 32 எம்பி. விரிந்த கெர்னல் அதைத் தாண்டினால், இன்னும் படித்து முடிக்காத மூலத்தின் மேலேயே எழுதிவிடும். பல போர்டுகளுக்குப் பொதுவாகக் கட்டும் ஆர்ம் கெர்னலில் ஏற்று முகவரியை நாமே தராவிட்டால் யூஇமேஜ் கட்டவே முடியாது.

எந்தச் சுருக்கம் நல்லது? மெதுவான சேமிப்பகம் என்றால் சிறிய கோப்புக்கே லாபம். வேகமான ஈஎம்எம்சி, மெதுவான சிபியு என்றால், கோப்பு சற்றுப் பெரிதானாலும் நொடியில் விரியும் எல்இசட்4. எக்ஸ்இசட் கோப்பை நன்றாகச் சிறிதாக்கும், விரிக்கத்தான் நேரமெடுக்கும். யூ-பூட்டே விரிப்பதாக இருந்தால், அந்த முறை அதில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 64 பிட் ஆர்ம் கெர்னலில் இசட்இமேஜ் கிடையாது என்பதால் அங்கே இந்தச் சோதனை இன்னும் முக்கியம்.

புதிய வேலைக்கு நான் தேர்ந்தெடுப்பது ஃபிட். கெர்னல்கள், டிவைஸ் ட்ரீகள், ராம்டிஸ்க் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைக்கலாம். எஸ்எச்ஏ-256 ஹேஷும் ஆர்எஸ்ஏ கையொப்பமும் சேர்க்கலாம். சிஆர்சி, கோப்பு தற்செயலாகக் கெட்டதைக் கண்டுபிடிக்கும். ஒருவர் வேண்டுமென்றே மாற்றியதைத் தடுக்காது. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும் கருவியில் இந்த வித்தியாசம் உயிர்நாடி. ஃபிட்டுக்கான விளக்கக் கோப்பை எழுதப் பழக ஒரு மாலை தேவைப்படும்.

என் பரிந்துரை: மேசை மேல் சோதிக்கும் போர்டுக்கு இசட்இமேஜே போதும். பழைய யூ-பூட் உள்ள கருவிக்கு யூஇமேஜ். விற்பனைக்குப் போகும் பொருளுக்குக் கையொப்பமிட்ட ஃபிட். யூஇமேஜ், ஃபிட் எதைச் செய்தாலும், போர்டுக்கு அனுப்பும் முன் எம்கேஇமேஜின் பட்டியல் ஆப்ஷனில் முகவரிகளையும் சுருக்கமுறையையும் ஒருமுறை சரிபாருங்கள்.