காத்தலும் பேணுதலும்

ஒரு மொழியிலுள்ள நூலை மற்றொரு மொழியில் தருவோர் கடினமான சொல் வந்தால் அகராதியைத் தேடுகின்றனர். "வைத்தல்", "காத்தல்" போன்ற எளிய சொல் வந்தாலோ, கைக்கு முதலில் அகப்பட்டதைப் போட்டுவிட்டு மேலே செல்கின்றனர். இவ்வழக்கம் எத்துணைக் கேடு விளைக்கும் என்பதற்கு ஸ்பானிய மொழி நல்ல சான்றாகும். அம்மொழி நூல்கள் நம்மவர்க்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வந்து சேர்கின்றன. ஆங்கிலத்தில் "கீப்" என்னும் ஒரே வினை செய்யும் வேலைகளை ஸ்பானியர் பல வினைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கின்றனர். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நம் போன்றோர் அவ்வேறுபாட்டைக் காணாமலே கடந்து போகிறோம்.

அவ்வினைகளுள் முதன்மையானவை குவார்தார், கொன்ஸெர்வார் என்னும் இரண்டு. குவார்தார் ஜெர்மானிய மூலத்திலிருந்து வந்தது. காவல் என்பதே அதன் அடிப்படைக் கருத்து. ஒரு பொருளை உரிய இடத்தில் எடுத்து வைத்தல், நண்பனுக்காக ஓர் இருக்கையைப் பிடித்து வைத்தல், இரகசியத்தை வெளியிடாதிருத்தல், மௌனம் காத்தல், துக்கம் காத்தல் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். கொன்ஸெர்வார் லத்தீன் வழிவந்தது. காலஞ் சென்றும் ஒரு பொருள் தன் தன்மை கெடாதிருக்கச் செய்தலே அதன் கருத்து. மீதிப் பண்டத்தை அலமாரியில் எடுத்து வைப்பது குவார்தார். அப்பண்டம் கெடாதிருக்கக் குளிர்ந்த இடத்தில் வைக்குமாறு பொட்டலத்தின் மேல் அச்சிடும்போது வருவது கொன்ஸெர்வார். டின்னில் அடைத்த மீனுக்கும் பழத்திற்கும் "கொன்ஸெர்வாஸ்" என்றே பெயர்.

இவற்றின் உறவினர் சிலரும் உளர். மன்தெனேர் என்பது கையாற் பிடித்தல் என்ற மூலப்பொருளுடையது. விட்டால் விழக்கூடியதை இடையறாது தாங்கி நிற்றல் அது. குடும்பத்தைப் பராமரிப்பதும் சொன்ன சொல்லில் நிற்பதும் அவ்வினையாற் குறிக்கப்படும். வரக்கூடிய தீங்கு அணுகாதபடி முன்னரே தடுத்தல் பிரெஸெர்வார். பணத்தைச் சேமித்தலுக்கு உரிய சொல் அஓரார். சுதந்திரமுடையவன் என்னும் பொருளுள்ள அரபுச் சொல்லே இதன் வேர். பழைய வழக்கில் அடிமையை விடுவித்தலையும் இதே வினை குறித்தது. கடைப்பற்றும் வட்டிக் கணக்கும் இன்னவென்று அறிந்த நம் தோட்டத்து மக்களுக்கு இச்சொல்லின் பொருத்தத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வேறுபாடுகள் வெறும் இலக்கணச் சரக்கல்ல என்பதைச் செர்வாந்தெஸ் 1605-ஆம் ஆண்டில் வெளியிட்ட "டான் கீஹோத்தே"யின் முதற் பாகம், ஆறாம் அதிகாரத்திற் காணலாம். வீரக் கதைகளைப் படித்துப் படித்து அறிவு மயங்கிய கனவானின் புத்தக அறைக்குள் ஊர்ப் பாதிரியாரும் நாவிதரும் புகுகின்றனர். ஒவ்வொரு நூலாக எடுத்து விசாரித்துத் தீர்ப்பளிக்கின்றனர். பல நூல்கள் நெருப்புக்கென முற்றத்தில் வீசப்படுகின்றன. பிரான்ஸ் தேசத்து வீரரைப் பற்றிய கதைகளை, நன்கு ஆலோசித்து முடிவு செய்யும் வரையில் வறண்ட கிணற்றிற் போட்டு வைக்கும்படி பாதிரியார் சொல்கிறார். ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் எவரையும் படிக்க விடலாகாது என்கிறார். செர்வாந்தெஸ் தாமே 1585-இல் வெளியிட்ட "கலாதேயா"வோ, இரண்டாம் பாகம் வரும்வரை நாவிதர் வீட்டில் அடைபட்டிருக்க வேண்டியதாகிறது.

நெருப்புக்குத் தப்பிய நூல்கள் பலவற்றிற்குப் பாதிரியார் வழங்கும் வினை குவார்தார். "அராவுகானா" முதலிய பெருங்காவியங்களுக்கும் அதுவே. ஆசிரியர் தம் நண்பர் என்பதற்காகத் தப்பிய ஒரு கவிதைத் தொகுதிக்கும் அதுவே. ஆகவே அவ்வினை நூலின் தகுதிக்குச் சான்றாகாது. எடுத்து வைக்கும் செயலை மட்டுமே அது கூறும். "இங்கிலாந்துப் பால்மெரின்" என்ற கதைக்கோ குவார்தாரோடு கொன்ஸெர்வாரையும் சேர்த்துச் சொல்கிறார். அதற்கெனத் தனிப் பெட்டி ஒன்று செய்யவும் பணிக்கிறார். தாரியஸின் கொள்ளைப் பொருள்களிற் கண்டெடுத்து, அலெக்ஸாந்தர் ஹோமரின் நூலுக்கென ஒதுக்கிய பெட்டியைப் போன்றதாம் அது.

ஒரு பொருளுக்கு இரு சொற்களை அடுக்குவது அக்கால உரைநடையின் அலங்காரமே என்று சிலர் கூறலாம். அவ்வழக்கம் இருந்தது மெய்யே. எனினும் அலெக்ஸாந்தரின் பெட்டியைப் பற்றி அதே வாக்கியத்தில் மறுபடியும் வரும் வினை எது? குவார்தார் மட்டுமே. பெட்டியால் இயல்வது அவ்வளவுதான் என்பது நம் கருத்து. தாரியஸின் பெட்டி இன்று இல்லை, ஹோமர் இருக்கிறார். பெயர்த்தெழுதியவரும் ஓதியவரும் ஓதுவித்தவரும் அவரைக் கொன்ஸெர்வார் செய்தனர்.

இவ்விடத்தைத் தமிழில் எழுதுவோர் இரண்டையும் "பாதுகாத்தல்" என்ற ஒரே சொல்லால் முடித்துவிட்டால் பாதிரியாரின் தீர்ப்பு பாழாகும். குவார்தாருக்கு "எடுத்து வைத்தல்", "காத்து வைத்தல்" என்பனவும், கொன்ஸெர்வாருக்குக் "கெடாமற் பேணுதல்" என்பதும் பொருந்தும். துக்கமும் மௌனமும் வருமிடத்தில் "காத்தல்" ஒன்றே போதும். நம் மொழியிற் சொற்பஞ்சம் இல்லை. தேடுவாரின் பொறுமைக்குத்தான் பஞ்சம்.

நாம் முன்மொழியும் சொற்களை நம் வரலாற்றிலேயே சோதித்துப் பார்க்கலாம். நம் முன்னோர் ஏடுகளைக் கட்டிப் பரணில் வைத்தனர். ஆண்டுக்கொருமுறை பொட்டிட்டுப் பூசித்தனர். காத்து வைத்தது உண்மை. ஆயினும் பெயர்த்தெழுதப்படாத ஏட்டைச் செல் அரித்தது. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி, ஒப்புநோக்கி, 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்றியதே பேணுதல்.

பழமையைக் காக்கிறோம் என்று முழங்குவோர் இன்று நம்மிடையே பலர். அவர்கள் காப்பது எது, பேணுவது எது என்று நாம் கேட்டல் வேண்டும். பூட்டிய பெட்டிக்கு வெளியே நின்று கற்பூரங் காட்டுவதால் உள்ளிருக்கும் நூல் வாழாது. நம் வீட்டிலும் வாசகசாலையிலும் உள்ள தமிழ் நூல்களைத் திறந்து படிப்போமாக. நம் மக்களுக்கும் படித்துக் காட்டுவோமாக.