ரசவாங்கியும் சிசிலிக் கத்தரிக்காயும்

கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் சமைப்பதில் இத்தாலியின் சிசிலித் தீவுக்காரர்களும் தஞ்சாவூர்க்காரர்களும் பங்காளிகள். அங்கே கப்போனாட்டா: பொரித்த கத்தரிக்காயில் தக்காளி, செலரித் தண்டு, ஆலிவ் காய், கொஞ்சம் சர்க்கரை, வினிகர். இங்கே ரசவாங்கி.

பிஞ்சுக் காயாக வாங்குங்கள். விதை முற்றினால் கசக்கும். நறுக்கிப் புளித்தண்ணீரில், மஞ்சள்தூளும் உப்பும் போட்டு வேகவிட வேண்டும். மல்லி விதை, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல், தேங்காய் எல்லாவற்றையும் எண்ணெயில் வறுத்து அரைப்பதில்தான் கறியின் உயிர் இருக்கிறது. பருப்பு பொன்னிறமாகி வாசம் கூடம்வரை வரணும், அதுவரை அடுப்பை விட்டு நகரக்கூடாது. விழுதோடு வெந்த துவரம்பருப்பு, சுண்டைக்காயளவு வெல்லம். கெட்டியானதும் கடுகு, கறிவேப்பிலை தாளித்து இறக்கலாம்.

கப்போனாட்டாவை ஆறவைத்துத்தான் சாப்பிடுவார்கள், மறுநாள் இன்னும் ருசி. காலையில் வைத்த ரசவாங்கியும் ராத்திரி தயிர்சாதத்துக்கு அப்படித்தான் அமையும்.