நான்கு பேர் அறையும் எண்ணிக்கைக் கூலியும்

ஒழுங்காகக் கட்டிய பட்டாசு ஆலையைத் தொலைவிலிருந்து பார்த்தால் ஆலை என்றே தோன்றாது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் கரிசல் பொட்டலில் தள்ளித் தள்ளிச் சின்ன அறைகள் நிற்கும். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும். வெடிமருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. வேண்டிய மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொண்டுவர வேண்டும். மிஞ்சியதை இரவில் அறையில் விட்டுவைக்கக் கூடாது.

1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் அதன்கீழ் வந்த 2008ஆம் ஆண்டு விதிகளும் உருவாக்கிய ஏற்பாடு இது. விருதுநகர் மாவட்டத்து விபத்துகளைப் படித்துப் படித்து வெறுத்துப்போனவர்கள் "விதியெல்லாம் காகிதத்தில்தான்" என்று சொல்லிவிடுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இந்த விதிகளுக்குள் இருக்கும் சிந்தனை மிக நேர்மையானது. என்றாவது ஒருநாள் எங்காவது வெடிக்கத்தான் செய்யும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, வெடித்தால் அந்த ஓர் அறையோடு நிற்கட்டும் என்று அது திட்டமிடுகிறது. ஆளைக் குறை, மருந்தைக் குறை, இடைவெளியைக் கூட்டு. வேகமாக வெளியேற வழி வை. எந்த நாட்டு வெடிபொருள் ஆலையிலும் இதைவிட நல்ல அடிப்படை கிடையாது.

ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் பின்னால் வேதியியல் நிற்கிறது. அலுமினியத் தூளும் நைட்ரேட் உப்பும் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால், அது தானாகவே சூடாகத் தொடங்கும். மூடிய அறையில் இரவு முழுக்கக் கிடந்த மீதி மருந்து காலையில் கதவு திறக்கும் வேளையில் எந்த நிலையில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சம் வைக்காதே என்ற விதி அங்கிருந்து வருகிறது. இந்தச் சூடேற்றத்தைத் தடுக்கத்தான் போரிக் அமிலம் சேர்க்கும் வழக்கமும் வந்தது. நைலான் உடை உடலில் மின்னேற்றம் சேர்க்கும் என்பதால் பருத்தி உடை. சேர்ந்த மின்னேற்றம் தரைக்குப் போகவேண்டும் என்பதால், உள்ளே நுழையுமுன் தொட்டுவிட்டுப் போக ஒரு செம்புத் தகடு. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை லேசான உராய்வுக்கே வெடிக்கும் என்பதால் 1992இல் அதை இந்தியா முழுவதும் தடை செய்தார்கள். மருந்தின் குணத்தை அறிந்தவர்கள் எழுதிய விதிகள் இவை.

அப்படியிருந்தும் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர்; புகையைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்கள். முதல் வெடிப்பு ஓர் அறையோடு நிற்கவில்லை, அடுத்தடுத்துத் தொடர்ந்தது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளம் ஆலையில் வெடித்து 20 பேருக்கு மேல் மாண்டார்கள். நான்கு பேர் என்ற விதியும் இடைவெளி விதியும் அங்கே நடைமுறையில் இருந்திருந்தால், ஒரு வெடிப்பு இத்தனை உயிரைக் கொண்டுபோக வழியே இல்லை. அறையில் கூட்டம் இருந்திருக்க வேண்டும். அல்லது அறைக்கும் அறைக்கும் நடுவே காலியாக இருக்க வேண்டிய இடத்தில் மருந்தும் ஆட்களும் இருந்திருக்க வேண்டும்.

அச்சன்குளம் ஆலை பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது பின்னர் வெளியே வந்தது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிந்து போயிருக்கும். சட்டம் இதை அனுமதிக்கவில்லை. உள்குத்தகைக்காரருக்கு அந்தச் சில அறைகளும் சில மாதங்களுமே சொந்தம். தீபாவளிக்குள் போட்ட முதலை எடுத்தாக வேண்டும். எனவே மரத்தடியும் அவருக்கு வேலை செய்யும் இடமாகிறது, நடைபாதையும் காயவைக்கும் களமாகிறது. வரைபடத்தில் இருந்த இடைவெளி தரையில் காணாமல் போகிறது. ஒரே வளாகத்தில் பலர் தொழில் நடத்தும்போது, பக்கத்து அறையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது இந்த அறைக்குத் தெரியாது.

உள்குத்தகையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிட முக்கியமானது என்று நான் கருதுவது கூலி. மருந்து செலுத்தும் வேலைக்குப் பெரும்பாலும் எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. இத்தனை குழாய் நிரப்பினால் இத்தனை ரூபாய். நிதானமாகச் செய், தேய்க்காதே, தட்டாதே, தீர்ந்த பிறகு போய் எடுத்துவா என்று விதி சொல்கிறது. ஒவ்வொரு முறை எழுந்து போய் வருவதும் மருந்து செலுத்தும் பெண்ணின் கூலியில்தான் குறைகிறது. பாதுகாப்புக்கான நேரத்தை அவள் தன் கைக்காசில் வாங்க வேண்டியிருக்கிறது. அவள் மருந்தைக் கூடுதலாக அள்ளிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், அதை அலட்சியம் என்று எழுதுவது அநியாயம். அவளுடைய வேலை அப்படி வகுக்கப்பட்டிருக்கிறது.

எதிர்வாதத்துக்கும் வலு உண்டு. எண்ணிக்கைக் கூலியைத் தொழிலாளர்களே விரும்புகிறார்கள் என்பது உண்மை. கை வேகமுள்ளவர் மதியத்துக்குள் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், பிள்ளையைப் பார்க்கலாம். வானம் பார்த்த பூமியில் இதற்கு நிகராகக் காசு தரும் வேலை அரிது. உற்பத்தியாளரின் நெருக்கடியும் கற்பனையல்ல. ஒரே பண்டிகையை நம்பிய சந்தை. 2018இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் சேர்ந்த பட்டாசுக்கும் விதித்த தடைக்குப் பிறகு செய்யக்கூடிய ரகங்களும் சுருங்கிவிட்டன. ஆகவே எல்லா வேலைக்கும் மாதச் சம்பளம் என்று நான் கேட்கவில்லை. பெட்டி மடிப்பதற்கும் லேபிள் ஒட்டுவதற்கும் எண்ணிக்கைக் கூலி இருந்துவிட்டுப் போகட்டும். கலவை அறை, மருந்து செலுத்தும் அறை இந்த இரண்டிலும் நாள் கூலியும், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் நிரப்பக் கூடாது என்ற வரம்பும் வேண்டும். ஆட்களுக்கு வரம்பு வைத்த சட்டம், மருந்துக்கு வரம்பு வைத்த சட்டம், வேகத்துக்கு வரம்பு வைக்கத் தயங்குவானேன்?

அடுத்து போர்மேன். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை போர்மேன்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் பயிற்சி நடத்துகிறது. நல்ல ஏற்பாடு. பயிற்சி முடித்தவருக்கு எது ஆபத்து என்று தெரியும். தெரிந்தபின் வேலையை நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டா? சீசனில் அரை நாள் அறையைப் பூட்டினால் மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா? விபத்துக்குப் பிறகு வழக்கில் அவர் பெயர் முதல் வரிசையில் வருகிறது. விபத்துக்கு முன்பு அவர் சொல் கடைசி வரிசையில்தான் இருந்தது.

தொழிலாளியின் சொல்லும் அப்படியே. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு தனி அத்தியாயம் சேர்ந்தது. அபாயகரமான பொருளைக் கையாளும் ஆலையில் நிர்வாகமும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது. உடனடி ஆபத்து என்று அஞ்சினால் நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் எச்சரித்துவிட்டு எழுந்து வெளியே போய்விடலாம், கூலி குறையாது என்று அது சொல்லவில்லை. உள்குத்தகைக்காரரிடம் தினக்கணக்கில் வேலை பார்ப்பவர் எந்தக் குழுவில் உட்காருவார்?

எச்சரிக்கும் உரிமைக்கும் வெளியேறும் உரிமைக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியின் விலை, வங்கதேசத்தின் ராணா பிளாசா ஆடை ஆலைக் கட்டடத்தில் முழுமையாகத் தெரிந்தது. 2013 ஏப்ரல் 23 அன்று கட்டடத்தில் விரிசல் கண்டது. மறுநாள் கீழ்த்தளத்து வங்கி திறக்கவில்லை. மேலே இருந்த தையல் தொழிலாளர்களைச் சம்பளம் பிடிப்போம் என்று மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். விரிசல் எல்லோர் கண்ணிலும் பட்டிருந்தது. வெளியே நிற்கும் வசதி வங்கி ஊழியருக்கு இருந்தது, தையல் தொழிலாளர்களுக்கு இல்லை. அதன்பின் வந்த ஒப்பந்தம் ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமையை எழுத்தில் தந்தது. சரக்கு வாங்கும் பன்னாட்டு நிறுவனங்களையும் சட்டப்படி கட்டுப்படுத்தியது. பாதுகாப்புச் செலவு தாங்கும்படி வணிகம் செய்ய வேண்டும் என்றது. சிவகாசியில் சரக்கெடுக்கும் வடமாநில மொத்த வியாபாரிகளிடம் இப்படி ஒரு வார்த்தை இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

விபத்துக்குப் பிறகு நாம் வழக்கமாகச் செய்யும் வைத்தியம் வேறு. உரிமத்தை நிறுத்தி வைப்பது, கைது செய்வது, நிவாரணம் அறிவிப்பது. உரிமம் நின்றால் ஆலை நிற்கும், தேவை நிற்காது. அனுமதியில்லாமல் வீட்டிலும் தகரக் கொட்டகையிலும் பட்டாசு செய்வது இந்த மாவட்டத்தின் பழைய நோய். அங்கே நான்கு பேர் விதியும் இல்லை, செம்புத் தகடும் இல்லை, குழந்தைகள் தூங்குவதும் அதே கூரையின் கீழ்தான். தண்டனை வேண்டாம் என்பதல்ல. பூட்டிய ஆலையின் தொழிலாளிக்கு அந்த நாட்களின் கூலியை உரிமையாளர் தரவேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தால், அவள் வயிற்றுக்காகக் கள்ளக் கொட்டகையைத் தேட வேண்டியிராது.

ஆய்வுக்கு வருபவர்கள் இப்போது அறையில் ஆட்களை எண்ணுகிறார்கள், மருந்தை எடை போடுகிறார்கள், இடைவெளியை அளக்கிறார்கள். ஆய்வுப் படிவத்தில் இன்னும் மூன்று கேள்விகள் சேரட்டும். இந்த அறையில் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது? நேற்று ஒருவர் நிரப்பியது எவ்வளவு? கடைசியாக இங்கே வேலையை நிறுத்தச் சொன்னவர் யார், அன்றைய கூலி அவருக்குக் கிடைத்ததா? கூலிப் பதிவேடும் சரக்குப் பதிவேடும் ஆலையிலேயே இருக்கின்றன. மூன்றாவது கேள்வியை மட்டும் அறையில் வேலை செய்யும் பெண்களிடமே, போர்மேனும் குத்தகைக்காரரும் பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும்.